ஆள் வரட்டும்னு போட்ட ஆர்டர்

காலை பத்தரைக்குக் கலைமணி தலை சீவிக்கொள்வாள். முகம் கழுவிப் பொட்டு வைத்து, நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொள்வாள். பூ மட்டும் வைக்கமாட்டாள். பார்சல் வாங்குவதற்குப் பூ கொஞ்சம் அதிகம் என்று அவளுக்கே தெரியும். பிறகு கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு, வாசலைப் பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற லைன் வீடு அது. ஒரே கூரைக்குக் கீழே ஏழு குடித்தனம். ஆறு குடித்தனமும் எட்டு மணிக்கே பூட்டிக்கொண்டு தறிக்கும் மில்லுக்கும் போய்விடும். அப்புறம் சாயங்காலம்வரை அந்த வரிசையில் இருப்பது இவளும் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருக்கும் ஒரு நாயும்தான். நாய்க்காவது மத்தியானம் எங்கேயோ போகிற வேலை இருக்கும்.

பதினொரு மணிக்கு ஸ்கூட்டி வந்து நிற்கும். "கலைமணியக்கா! பார்சலுங்க்கா!"

அந்தக் குரலுக்குத்தான் இத்தனை அலங்காரமும். நாள் முழுக்க அவள் பெயரை வாய்விட்டுச் சொல்கிற ஒரே ஆள் பார்சல் கொண்டுவரும் ஜோதிதான். காசை எண்ணிக் கொடுப்பது, சில்லறை தேடுவது, "வெயிலு நெம்பங்க்கா" என்பது, ஒரு சொம்புத் தண்ணீர். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்துக்கு முந்நூறு ரூபாயோ நானூறோ ஆகும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பூண்டு உரிக்கிற டப்பா வந்தது. ஒருத்தி சமைத்து ஒருத்தியே தின்கிற வீட்டுக்கு நாலு அடுக்கு டிபன் கேரியர் இரண்டு வந்தன. பெட்ஷீட் மட்டும் ஒன்பது. சைக்கிள்கூட இல்லாத வீட்டில் கார் துடைக்கிற துணி ஒரு டஜன் இருந்தது. பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய், அங்கே இடம் போதாமல் கட்டிலுக்கு மேலேயும் வந்து, அவள் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். கட்டில் காலியாக இருப்பதைவிட அது பரவாயில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

புருஷன் தனபால் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டிகள் திருச்செங்கோட்டை விட்டுக் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பாறை இருக்கிற இடமெல்லாம் துளைத்துவிட்டு, வடக்கே மழை இறங்கியபின் ஆடியில்தான் ஊர் திரும்பும். ஆவணியில் மறுபடி புறப்பாடு. ரிக்குக்காரனுக்கு வாக்கப்பட்டவளுக்கு வருஷத்தில் ஒரு மாசம்தான் குடித்தனம் என்று ஊரில் கேலி உண்டு. கேலி பண்ணுகிறவர்களின் புருஷன்மாரெல்லாம் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஊரே அலுத்து ஓய்ந்துவிட்டது. இருபது வருஷம் தறிக் கொட்டாயில் நின்ற கால்கள், இரண்டு வருஷம் முன்பு கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பின் நிற்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவள் திடீரென்று மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிற வீட்டில் வந்து விழுந்தாள். இருந்த டீவியும் ஒரு மழை இரவில் இடி இறங்கிப் போய்விட்டது. மிச்சம் இருந்தது போனும் அதற்குள் இருந்த ஒரு கடையும்.

ரிக் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன், கல்யாணம், கூரை என்று எதற்கானாலும் முதலாளி அட்வான்ஸ் கொடுப்பார். அது தீர்கிறவரை ஆள் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. மாசச் சம்பளத்தில் பாதி பிடித்துக்கொள்வார்கள். புருஷன் தூர தேசத்தில் இருப்பதால், இடையில் அவசரம் என்றால் பெண்டாட்டி ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். கணக்கு ஆடியில்தான் அவனுக்குக் காட்டப்படும். எழுதப்படாத சட்டம்தான், ஆனால் தாலி மாதிரி உறுதியானது.

தையில் தனபால் போனில் சொன்னான், "ஏம்புள்ள, ஆபரேசன் அட்வான்ஸ் இன்னும் அறுவதாயிரந்தான். ஆடிக்குத் தீந்துரும். ஆவணியில நான் ஏறுல. முட்டி ரெண்டும் சொல்பேச்சுக் கேக்க மாட்டேங்குது. இங்கியே முட்டை வண்டி ஓட்டிக்கலாம், பொழுதுக்கு ஊடு வந்துரலாம்."

அவள் "ஆகட்டுங்க மாமா" என்றாள். சந்தோஷத்தில் அன்றைக்கே ஒரு தலையணை உறை ஜோடி ஆர்டர் போட்டாள். அவன் வருகிறானே, புது உறை வேண்டாமா?

மாசி கடைசியில் ரிக் ஆபீஸில் கணக்குப் பார்க்கிற காளியண்ணன்தான் அவள் தலையில் கல்லைப் போட்டார். ஐம்பது வயதுக்காரர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களோ என்கிற முகம். வழக்கம்போல "ரெண்டாயிரம் வேணுங்ண்ணா" என்று போய் நின்றவளிடம், "ஏனம்மிணி, தறிக்கு முன்னால நூலா இழுத்துக்கிட்டே இருக்கறியே, மிச்சம் எவ்வளவுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"நாப்பது இருக்குமுங்ளா?"

"அறுவத்தஞ்சு. அவன் பாறையத் தொளைக்கறான், நீ இங்க கணக்கத் தொளைக்கற."

கலைமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவன் இரண்டு மாசம் வேலை செய்தும் கடன் ஐயாயிரம் ஏறியிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே கிடக்கிற ஒவ்வொரு அட்டைப்பெட்டியும் அவன் வருவதைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. அவன் இல்லாத குறைக்குத்தான் அதையெல்லாம் வாங்கினாள். வாங்கினதாலேயே அவன் இல்லாமல் போகப்போகிறான். யாரைத் திட்டுவது? ரெண்டாயிரம் வாங்காமலே பஸ் ஏறினாள்.

அன்றைக்கே போனில் இருந்த அந்தக் கடையை அழித்துவிட்டாள். முதல் நாள் வீடு பெருக்கினாள். இரண்டாம் நாள் பெருக்கின வீட்டைப் பெருக்கினாள். மூன்றாம் நாள் பத்தரைக்குக் கை தானாகச் சீப்பை எடுத்தது. பதினொரு மணிக்கு ஸ்கூட்டி மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்விட்ட சத்தம் கேட்டது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அவள் அழுதாள்.

நாலாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தனியாக இருக்கிறவர்களுக்கு வருகிற யோசனைகளைக் கேட்கவே வேண்டாம். அழித்த கடையைத் திரும்பப் போனில் ஏற்றிப் பொருளை ஆர்டர் போடுவது. வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது. வந்த பிறகு காசு என்பதால் ஒரு பைசா செலவில்லை. ஆள் வந்த மாதிரியும் ஆச்சு, பணம் போகாத மாதிரியும் ஆச்சு. கலைமணிக்குத் தன் மூளையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"கலைமணியக்கா! பார்சலுங்க்கா!"

"ஐயோ ஜோதி, இது வேண்டாங்கண்ணு. மாத்திப் போட்டுப்போட்டேன். திருப்பி அனுப்பிச்சுரு. சித்த தண்ணி குடிச்சுட்டுப் போ."

ஒரு வாரத்தில் இப்படி நாலு தடவை. அடுத்த வாரம் ஐந்து. பத்தாவது பார்சலை ஜோதி படியில் வைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகத்தில் ஹெல்மெட் வார் மட்டும் வெளுத்த கோடாக இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. என் மேல உங்களுக்கு என்னுங்க கோவம்?"

"எனக்கா? உம்மேலயா?"

"குடுத்தாத்தானுங்க எனக்குப் பார்சலுக்குப் பதினஞ்சு ரூவா. திருப்பிட்டா ஒண்ணுமில்லீங்க. பெட்ரோலு என்னுது. திரும்பத் திரும்ப ஒரே ஊட்டுல இருந்து வந்தா, நாந்தான் செரியாக் குடுக்கறதில்லைன்னு அங்க எழுதிக்கறாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க்கா எனக்கு."

கலைமணிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. சமாளிக்க ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது உண்மைதான். "ஆளு வரட்டும்னுதான் கண்ணு போட்டேன். உன்னய விட்டா இங்க யாரு வாராங்க?"

ஜோதி பார்சலை ஓரமாகத் தள்ளினாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். கட்டில், அட்வான்ஸ், ஆடி, எல்லாவற்றையும் கலைமணி கொட்டினாள். கேட்டு முடித்துவிட்டு ஜோதி எட்டி உள்ளே பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்ததும் "அடக் கடவுளே, இத்தனையும் நாங் கொண்டாந்ததுங்களா?" என்றாள்.

"எல்லாம் நீதான்."

"தெனமும் என்னால வர முடியாதுங்க்கா. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பார்சலு. பொய் சொல்ல மாட்டேன். புதன்கெழம மத்தியானம் இந்தப் பக்கந்தான் வருவேன், எங்கியாச்சும் வேப்பமரத்துக்கடியில சோறு திம்பேன். அத இங்க வந்து திங்கறேன். பார்சலு இல்லாம. ஆனா போனை இப்ப எங்கிட்டக் குடுங்க."

வாங்கி அந்தக் கடையை அழித்தாள். "மத்தவிங்க கிட்டயும் சொல்லுங்க. ஒருத்தி கையால இத்தனை பொட்டி தூக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தவர்கள் என்றால் வசந்தாமணிதான். அவள் புருஷன் சிவக்குமார் அதே வண்டியில் தனபாலுக்குக் கீழே வேலை செய்கிறவன். வீடு இரண்டு தெரு தள்ளி. வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. கேட்டதும் முதலில் ஒரு பாட்டம் திட்டினாள். அப்புறம் சொன்னாள், "இனிமே ஒரு ஊசி வாங்கறதுன்னாலும் எனக்குப் போன் போட்டுச் சொல்லோணும். நான் செரின்னாத்தான். நானும் உனக்குப் போடறன். எனக்கு மட்டும் கை சும்மா இருக்குதா? போன மாசம் மூணு சுடிதாரு." பெட்டிகளில் பாதியைத் தன் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் விரித்து வைத்துப் பாதி விலைக்கு விற்றும் கொடுத்தாள்.

மூன்றாவது ஆள் காளியண்ணன். அவரிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. "அண்ணா, இனிமே நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. அழுதாலும் குடுக்காதீங்க. ஊட்டுக்குக் குடுக்கற பத்தாயிரத்துலயும் அஞ்சு புடிச்சுக்கங்க" என்று சொல்லி, பெட்டிகள் விற்ற ஆறாயிரத்தை மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இருவது வருசமா இந்தச் சேர்ல உக்காந்திருக்கறன். ஊட்டுல இருந்து அட்வான்ஸ் திரும்பி வந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். நோட்டில் தனபால் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதினார்: வீட்டம்மா கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதையை இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புதன்கிழமை மத்தியானம் இருபது நிமிஷம்தான். வசந்தாமணியின் போன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. மிச்ச நேரத்தை யார் வந்து உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவார்கள்? பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரை சுட்டுப் பழுத்தது. வீடு காலியாகக் காலியாக அவள் இருமினால்கூட எதிரொலித்தது. கட்டில் மறுபடி கட்டிலாகிவிட்டது. அதில் படுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆசையே இல்லாதபோதும் "வசந்தா, ஒரு இட்லிச் சட்டி வாங்கட்டுமா?" என்று போன் போடுவாள். அவள் "வேண்டாம் போடி" என்பாள். அந்த வேண்டாமைக் கேட்பதற்காகவே கேட்பாள். வைகாசியில் ஒரு நாள் மதியம் நாயோடு பேசிக்கொண்டிருந்ததைத் தானே கவனித்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். நாய்தான் ஏன் நிறுத்தினாய் என்பது போலப் பார்த்தது.

ஆனாலும் வாங்கவில்லை. ஆனி பிறந்தபோது, இந்த மாசச் சம்பளத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும் என்று காளியண்ணன் சொன்னார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததே ஒரு சகுனம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் சின்ன யானை லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. இரண்டு ஆட்கள் ஆளுயரப் பெட்டியை இறக்கினார்கள்.

"தனபால் ஊடு இதுதானுங்ளே? டீவி. சொவத்துல மாட்டோணும், எடத்தக் காட்டுங்க."

"நாங்க ஆர்டர் போடலீங்களே."

"ரிக் ஆபீசுல இருந்து பணங் கட்டிட்டாங்க. முப்பத்திரண்டாயிரம். இதுல ஒரு கையெழுத்துங்க."

கலைமணி அங்கேயே நின்று காளியண்ணனைக் கூப்பிட்டாள். அவர் குரல் இறங்கித்தான் இருந்தது. "தனபாலே போன் பண்ணிக் கேட்டானம்மிணி. ஊட்டுச் சாமானெல்லாம் நீ வித்துத் திங்கறியாம், சிவக்குமாரு சம்சாரம் புருசங்கிட்டச் சொல்லி, அவன் தனபாலுகிட்டச் சொல்லியிருக்கறான். பொண்டாட்டி வெறும் ஊட்டுல கெடக்கறாளேன்னு அழுவாத கொறை. புது அட்வான்ஸ் போட்டுக் குடுத்தேன்."

"குடுக்கக் கூடாதுன்னு எழுதுனீங்களேண்ணா!"

"உனக்குன்னுதான் எழுதினேன். அவனுக்குன்னு எழுதுலியே."

புது அட்வான்ஸ் என்றால் ஆவணியில் அவன் மறுபடி ஏற வேண்டும். வீங்கிய முட்டியோடு இன்னொரு வருஷம். அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். மேலே பளபளவென்று ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதை மாட்டினால் காலையிலிருந்து வீட்டில் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். பாட்டு, சண்டை, செய்தி. அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"வேண்டாங்க. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"பிரிச்சுக்கூடப் பாக்காம..."

"பிரிக்கவே வேண்டாங்க. பிரிக்காததைக் கடை எடுத்துக்கிட்டுப் பணத்த ரிக் ஆபீசுக்கே குடுத்துருமல்லங்க? உங்க வண்டிக் கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் குடுத்தர்றேன்."

இந்த வாசலில் எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நிஜமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. கூலி நானூறு ஆனது. வண்டி திரும்பிப் போய், புழுதி அடங்கி, தெரு பழையபடி ஆனபின் தனபாலைக் கூப்பிட்டாள். பின்னால் ரிக்கின் கம்ப்ரசர் இரைந்தது. அவன் தள்ளிப் போய் நின்றது தெரிந்தது.

"டீவி வந்துச்சுங்க மாமா. திருப்பி அனுப்பிச்சுட்டேன்."

"ஏம்புள்ள, சின்னதாப் போச்சா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். பூண்டு டப்பாவிலிருந்து, அவனுக்குத் தெரியாமல் போட்ட கையெழுத்துகள், ஜோதியை அலையவிட்டது, சிவப்பு மை வரைக்கும் ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்தபின் அந்தப் பக்கம் கம்ப்ரசர் மட்டும் கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"சத்தமாவது இருக்கட்டும்னு பாத்தம்புள்ள" என்றான் கடைசியில். "தறிச் சத்தத்துலயே இருந்தவ."

"எனக்குச் சத்தம் வேண்டாங்க. நீங்க வந்து சும்மா உக்காந்திருந்தாப் போதும். பேசக்கூட வேண்டாம்."

பிறகு அவன் சொன்னான், "இங்க ரோட்டோரம் ஒரு டீக்கடை இருக்குது. ஒரு நாளைக்கு நாலு டீ வாங்கறேன். எனக்கு டீயே ஆகாதுன்னு உனக்குத் தெரியும். தூரத்துல வரும்போதே அந்தாளு 'தன்பால் பாய்'னு பேரச் சொல்லிக் கூப்புடறான். மத்தவிங்க எல்லாம் டிரில்லரும்பானுங்க. அதுக்காவத்தான் போறேன். டீய அப்பிடியே கீழ ஊத்திருவேன்."

கலைமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வந்தது அழுகையாகிவிட்டது. ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கமும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இங்க வசந்தா ஒரு சட்டம் போட்டிருக்கறா. எது வாங்கறதுன்னாலும் முன்னால போன் போட்டுச் சொல்லோணும். நாளையிலருந்து டீக்குப் போறதுக்கு முன்னால எனக்குப் போடுங்க" என்றாள்.

"போட்டா? நீ எம்பேரச் சொல்லிக் கூப்புடுவியாக்கும்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. தலை சீவியிருந்தாள். வாசலுக்கு வந்து வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஆறு கதவும் பூட்டியிருந்தது. நாய்கூட எங்கேயோ போயிருந்தது. அங்கே ஆள் இல்லாதது முதல் தடவையாக அவளுக்கு உதவியாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"தனபாலு" என்றாள். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தறிக் கொட்டாயில் கூப்பிடுகிற மாதிரி இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டாள்.

"ம்" என்றான் அவன்.

ஆடி பிறக்க இன்னும் இருபது நாள் இருந்தது.